நின்றால் வர்ணஜாலம், நகர்ந்தால் இருட்டு!

மோட்டார் வீட்டுக்கு விளக்கு போடும் தொழில்

கட்டில், அடுப்பு, குளியல் அறை, தண்ணீர்த் தொட்டி, குளிர்பதனப் பெட்டி... இத்தனையும் ஒரே வண்டிக்குள்! அதுதான் மோட்டார் வீடு. "கேரவன்" என்று சொன்னால் சட்டென்று புரியும்.

ஒரு காலத்தில் இது சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்கு நடுவே இளைப்பாறும் வண்டி என்ற அளவில்தான் ஜனங்களுக்குத் தெரியும். இப்போது நிலைமை வேறு. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டே வாகமண் மலையில் இந்த வண்டிகள் தங்குவதற்கென்று முதல் பூங்கா திறக்கப்பட்டது. கர்நாடக அரசு 2020-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு இடம் தரப்பட்டது. பெங்களூரிலிருந்து கூர்க், சிக்மகளூர் என்று குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள், ஓட்டல் அறைக்குப் பதிலாக இந்த வண்டியை வாடகைக்கு எடுப்பதும் உண்டு.

வண்டி வந்தால் கூடவே அலங்காரமும் வரும். மேல்விளிம்பில் ஒரு வரி, பக்கவாட்டில் விரியும் கூடாரத் துணிக்கு அடியில் ஒரு வரி, படிக்கட்டுக்குக் கீழே ஒரு வரி. சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும் எல்.இ.டி. விளக்கு! இரவில் காபித் தோட்டத்து ஓரம் வண்டியை நிறுத்தி, விசையை அமுக்கினால் அந்த இடமே கல்யாண வீடு ஆகிவிடும். குழந்தைகள் கை கொட்டுவார்கள். உரிமையாளர்கள் ஆசைப்படுவதில் தப்பு இல்லை.

இந்த வேலையைச் செய்கிறவர் யார்? உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டிலும், பஸ்களும் லாரிகளும் வந்து குவியும் கலாசிப்பாளையத்திலும் வண்டி எலக்ட்ரீஷியன்களில் நம்மவர்கள் அநேகம் பேர். பஸ் பாடி கட்டுவதில் பேர் போன கரூரில் தொழில் பழகி வந்தவர்களும் அவர்களில் உண்டு. பஸ்ஸுக்கும் லாரிக்கும் வயர் இழுத்த கைகளுக்கு இது பெரிய வேலை அல்ல. ஆனால் பழைய பழக்கத்தை நம்பி இதில் இறங்கினால் மூன்று நான்கு இடங்களில் கால் இடறும்.

கறுப்பு வயர் குழப்பம்

இந்த விளக்குகள் நாடா போல் சுருளாக வருகின்றன. ஒவ்வொரு மணிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டி விளக்குகள். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா. மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. இந்த மூன்றில் சிவப்பு வெகு சீக்கிரமே வந்துவிட்டது. 1962-ல் அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் அதைச் செய்து காட்டினார். ஆனால் பிரகாசமான நீலம் கிடைக்க 1990-களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டி வந்தது. நீலம் இல்லாமல் வெள்ளையும் இல்லை, வர்ண மாற்றமும் இல்லை. அதனால்தான் அகாசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் பௌதிக நோபல் பரிசே கொடுத்தார்கள்.

நாடாவின் முனையில் நான்கு வயர்கள் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம், நான்காவதாகக் கறுப்பு அல்லது வெள்ளை. இங்கேதான் முதல் இடறல். கறுப்பைக் கண்டால் "எர்த்" என்று வண்டியின் சட்டத்தில் முடுக்கிவிடுவது காலம் காலமான வழக்கம். ஆனால் இந்த நாடாவில் பெரும்பாலும் அந்தக் கறுப்புதான் பாசிட்டிவ்! மூன்று நிறங்களுக்கும் பொதுவான பாசிட்டிவ். நிற வயர்கள் மூன்றும் நெகட்டிவ் பக்கம். கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த நெகட்டிவ் பக்கத்தைத்தான் வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடி, ஒவ்வொரு நிறத்தையும் கூட்டிக் குறைக்கிறது.

இதைப் புரிந்துகொண்டவருக்கு ஒரு பழுதைக் கண்டுபிடிப்பது சுலபம். "எல்லாவற்றையும் அணைத்தும் பச்சை மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது" என்று வண்டி திரும்பி வருகிறதா? பெட்டியை மாற்ற வேண்டாம். பச்சை வயர் எங்கோ தகரத்தில் உராய்ந்து தோல் உரிந்து வண்டியின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பெட்டியைச் சுற்றிக்கொண்டு நேரே நெகட்டிவ் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். தகரத்தில் துளை போட்ட இடங்களில் ரப்பர் புஷ் வைக்காத துளை எது என்று தேடினால் அகப்பட்டுவிடும்.

நிறங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடுகிற நாடா வேறு ஜாதி. அதில் மணிக்கு மணி ஒரு சில்லு உண்டு. பல ரகங்களில் நடுவே ஒரு சில்லு செத்தால் அதற்குப் பின்னால் உள்ளவை அத்தனையும் தூங்கிவிடும். மழையிலும் குலுக்கலிலும் ஓடும் வண்டிக்கு நான்கு வயர் நாடாவே நம்பகமானது.

வால் ஏன் சிவக்கிறது?

அடுத்த புகார் இது. வெள்ளை போட்டால் தலைப்பக்கம் வெள்ளையாகவும் வால்பக்கம் சிவப்பேறியும் தெரிகிறது. நாடா மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. குற்றம் நாடாவில் இல்லை.

காவிரியில் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, 1902-ல் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். பெங்களூர்த் தெருக்களுக்கே அதற்குப் பிறகு, 1905-ல்தான் மின்விளக்கு வந்தது. நம்மவர்களின் பாட்டன்மார் பலர் இறங்கிய அந்தச் சுரங்கங்கள் அருவியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரம். அவ்வளவு தூரத்துக்கு மின்சாரத்தை எப்படிக் கொண்டுபோனார்கள்? ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி அனுப்பினார்கள். குறைந்த வோல்ட்டில் அனுப்பியிருந்தால் வழியிலேயே கம்பி விழுங்கியிருக்கும்.

மோட்டார் வீட்டில் இருப்பதோ வெறும் 12 வோல்ட். அதில் 1 வோல்ட் போனாலே பெரிய நஷ்டம். கணக்குப் பாருங்கள். மீட்டருக்கு 60 மணி உள்ள பெரிய ரக நாடா, மூன்று நிறமும் முழுதாக எரியும்போது மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். 10 மீட்டர் ஒட்டினால் 144 வாட். அதை 12-ஆல் வகுத்தால் 12 ஆம்பியர். பேட்டரியிலிருந்து நாடா வரை 6 மீட்டர் தூரம் என்றால், போக வர 12 மீட்டர் வயர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டாலும் ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் நஷ்டம் 0.6 வோல்ட்டுக்கு இறங்கும். வயரில் மிச்சம் பிடிக்கிற காசு விளக்கில் போகிறது.

நாடாவுக்கு உள்ளே ஓடும் செம்புத் தகடு அதைவிட மெல்லியது. அங்கேயும் வோல்ட் இறங்கும். சிவப்புக்குக் குறைந்த வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் கூடுதலாக வேண்டும். வோல்ட் இறங்கினால் அவை இரண்டும் முதலில் சோர்ந்துபோகும், சிவப்பு மட்டும் தெம்பாக நிற்கும். வால் சிவப்பதன் ரகசியம் இதுதான். 5 மீட்டருக்கு ஒரு தடவை தனி வயர் இழுத்து ஊட்டம் கொடுத்தால் சரியாகிவிடும்.

பஸ் சட்டத்தின் மீது கட்டிய பெரிய கேரவன்களில் எஞ்சின் பக்கத்து மின்சாரம் 24 வோல்ட். அதில் 12 வோல்ட் நாடாவை நேராகக் கொடுத்தால், எரிவது விளக்கா நாடாவா என்று தெரியாது. மல்டிமீட்டரை எடுத்து அளந்து பார்க்காமல் முனையைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

விடியற்காலையில் விழும் திட்டு

மோட்டார் வீட்டில் பேட்டரி இரண்டு வகை. எஞ்சினைக் கிளப்புவது ஒன்று, வீட்டுக் காரியங்களுக்கு ஒன்று. விளக்கை வீட்டுப் பேட்டரியில்தான் கொடுக்க வேண்டும். எஞ்சின் பேட்டரியில் கொடுத்தால், இரவெல்லாம் ஜாலம் காட்டிவிட்டுக் காலையில் வண்டி கிளம்பாது. காட்டு நடுவில் தள்ளுவதற்கு ஆள் ஏது?

வீட்டுப் பேட்டரியிலும் கணக்கு உண்டு. 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். கைக்கு உள்ளது 50. மேலே சொன்ன 10 மீட்டர் நாடா முழு வெள்ளையில் 12 ஆம்பியர் இழுத்தால் 4 மணி நேரத்தில் தீர்ந்தது. அப்புறம் மின்விசிறி இல்லை, தண்ணீர் மோட்டார் இல்லை. முகம் கழுவத் தண்ணீர் வராதபோது யாருக்குத் திட்டு விழும்? விளக்கு போட்டவருக்குத்தான். ஒற்றை நிறத்தில் எரியவிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் செலவு, அதே பேட்டரி 12 மணி நேரம் தாங்கும். வண்டியை ஒப்படைக்கும்போது இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் பாதிப் புகார் குறையும். நீலமும் வெள்ளையும் பூச்சிகளை அதிகம் இழுக்கும், மஞ்சளுக்கு அவ்வளவாக வராது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். சாப்பாட்டு வேளையில் நன்றி சொல்வார்கள்.

ஒரு சாண் தூரம்

இனி வேடிக்கை இல்லை. வண்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பிளைவுட் சுவர், பஞ்சு மெத்தை, திரைச்சீலை, சமையல் கேஸ் சிலிண்டர், நடுவே தூங்கும் குழந்தைகள்! வயர் உராய்ந்து ஷார்ட் ஆனால், பேட்டரி ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். மெல்லிய வயர் அடுப்புக் கம்பி போலச் சிவக்கும்.

காப்பது ஒரு சின்ன ஃபியூஸ். பலர் அதை விளக்குக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில் வைக்கிறார்கள். தவறு! ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும். அந்த ஒரு சாணைத் தாண்டி எங்கே ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ் போகும், வண்டி பிழைக்கும். 12 ஆம்பியர் வேலைக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ். அது அடிக்கடி போகிறது என்று 30 போடுவதும், அலுமினியத் தாளைச் சுற்றி வைப்பதும் தொழில் அல்ல. போகிறது என்றால் எங்கோ வயர் கடிபடுகிறது, அதைத் தேட வேண்டும்.

தீக்கு அடுத்த எதிரி தண்ணீர். கூரையில் திருகாணிக்குத் துளை போட்டால், குடகு மழைக்கு ஒரே பருவத்தில் பிளைவுட் ஊறிவிடும். அலுமினியச் சட்டத்தை இருபக்கப் பசை நாடாவால் ஒட்டி, அதற்குள் விளக்கு நாடாவைப் பதிப்பது நல்லது. ஒட்டுமுன் அந்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். மெழுகுப் பாலிஷ் போட்ட தகரத்தில் எந்தப் பசையும் நிற்காது. தவிர்க்க முடியாமல் துளை போட்டால் சீலன்ட் வைத்து அடைத்து, வயரைத் துளைக்கு முன்னால் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். வயர் வழியாக ஓடிவரும் மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப் போகும், உள்ளே வராது. வெளியே ஒட்டும் நாடா ஐ.பி. 67 தரமாவது இருக்கட்டும். இதில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு.

சாலையில் நிறம் ஒரு பாஷை

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி. அதுதான் பெரிய கேள்வி. வண்டி ஓடும்போது இந்த விளக்கு எரியலாமா?

ரயில் பாதையில் சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ. டிரைவர் அதில் யோசிப்பதே இல்லை, பார்த்தவுடன் கை தானாகப் போகும். சாலையிலும் அப்படித்தான். முன்னால் தெரியும் சிவப்பு என்றால் நமக்கு முன்னே ஒரு வண்டியின் பின்புறம். மஞ்சள் மின்னினால் திரும்பப் போகிறான். நீலம் சுழன்றால் போலீஸோ ஆம்புலன்ஸோ. எதிரே வருகிற வண்டி இந்த மூன்றையும் மாறி மாறிக் காட்டினால், தூக்கக் கண்ணோடு இரவில் ஓட்டிவரும் லாரி டிரைவர் என்ன என்று நினைப்பார்? அது போகிறதா, வருகிறதா, நிற்கிறதா? அவர் தீர்மானிக்கக் கிடைப்பது இரண்டு மூன்று வினாடிகள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-ம் விதிப்படி, வண்டியின் முன்னால் சிவப்பு விளக்கும் பின்னால் சிவப்பு அல்லாத விளக்கும் காட்டக்கூடாது. திரும்பும் விளக்கு, பின்னோக்கி வரும்போது எரியும் வெள்ளை விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. வண்டியில் அனுமதி இல்லாத மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு தடுக்கிறது. 2019-ல் சேர்த்த 182-ஏ பிரிவின்படி அப்படிப்பட்ட மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கவனியுங்கள், மொத்தத்துக்கு அல்ல, ஒவ்வொரு மாற்றத்துக்கும்!

2022 அக்டோபர் 5-ந் தேதி இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே நடந்ததை மறந்திருக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளை ஊட்டிக்கு ஏற்றிச் சென்ற சுற்றுலா பஸ், முன்னால் போன அரசு பஸ் மீது மோதியது. 5 மாணவர்கள் உள்பட 9 பேர் மாண்டார்கள். அந்த விபத்துக்கு வர்ண விளக்கைக் காரணம் சொல்ல முடியாது. அளவு மீறிய வேகத்தைத்தான் அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பிறகு கேரள உயர் நீதிமன்றம் தானாகவே விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. பல வர்ண எல்.இ.டி., லேசர், மின்னும் விளக்குகள் பூட்டிய வண்டிகளைச் சாலையில் விடக்கூடாது என்று கண்டிப்பு காட்டியது. மாநிலம் முழுக்கச் சோதனை நடந்தது. விளக்குகளைக் கழற்றிய பிறகே பல வண்டிகளை விட்டார்கள்.

அப்படிச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றால், ராத்திரி 2 மணிக்குக் காகிதங்களை வைத்துக்கொண்டு அதிகாரி முன்னால் நிற்பவர் உரிமையாளர் அல்ல. அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். நிற்பவர் மாதச் சம்பள டிரைவர். அவருக்காகவாவது எலக்ட்ரீஷியன் ஒரு காரியம் செய்தாக வேண்டும்.

முப்பது கிராம் காவல்காரன்

அந்தக் காரியம் ஒரு ரிலே. தீப்பெட்டி அளவுகூட இராது, எடை முப்பது நாற்பது கிராம் இருக்கும். ஐந்து கால் ரிலேயாகப் பார்த்து வாங்க வேண்டும். 85, 86 என்று எழுதிய கால்களில் ஒன்றுக்கு இக்னிஷன் சாவியிலிருந்து வரும் வயர், மற்றதற்கு எர்த். 30-ம் காலுக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் பாசிட்டிவ். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் வயரை 87-ஏ என்ற காலில் கொடுக்க வேண்டும். 87-ம் கால் சும்மா இருக்கட்டும்.

இப்படிக் கொடுத்தால் என்ன ஆகும்? சாவி எடுத்திருக்கும்போது 87-ஏ வழியாக மின்சாரம் ஓடும், வர்ணம் ஆடும். சாவியைத் திருப்பியதும் ரிலேக்குள் "டிக்" என்று ஒரு சத்தம். வெளி விளக்கு அத்தனையும் அணைந்துவிடும். டிரைவர் மறந்தாலும் அணையும், உள்ளே இருக்கிற பையன் ரிமோட்டை அமுக்கினாலும் எரியாது. எஞ்சின் பக்கம் 24 வோல்ட் உள்ள வண்டியானால் ரிலேயின் சுருளும் 24 வோல்ட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

"ஓடும்போதும் எரியணும், அதுக்குத்தானே காசு கொடுக்கிறேன்" என்கிற உரிமையாளர்களும் இல்லாமல் இல்லை. ஒரு நாள் கூலிக்காக அதற்குத் தலையாட்டுவது எளிது. "சார், நின்ன இடத்துல எவ்வளவு வேணும்னாலும் ஜொலிக்கட்டும், ரோட்டுல வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவரின் வேலையை விடுவதே மேல்.

ரிலே போட்டுவிட்டதால் சட்டம் முழுக்கத் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். பூட்டியிருப்பதையே மாற்றம் என்று எழுதுகிற ஆய்வாளர் உண்டு. மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி இருக்கிறது. புது வண்டியானால் பாடி கட்டும்போதே, அதற்கு ஒப்புதல் வாங்குகிற கட்டத்திலேயே விளக்கையும் சேர்த்துக் கேட்பது நல்லது. பழைய வண்டியானால் கூடாரத் துணிக்கு அடியில், துணியைச் சுருட்டினால் உள்ளே மறைகிற மாதிரி போடுவது விவேகம். பின்பக்கத்தில் எதுவும் வேண்டாம். பூட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு. ஆனால் கேட்கச் சொல்வது எலக்ட்ரீஷியனின் கடமை.

வேலை முடிந்ததும் இருட்டிய பிறகு ஒரு சோதனை போட்டுப் பார்க்க வேண்டும். முதலில் ரப்பர் குழாயால் கூரை விளிம்பு நெடுகத் தண்ணீர் அடித்து, கால் மணி நேரம் கழித்து எல்லா நிறமும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒருவர் வெளியே நிற்க, இன்னொருவர் சாவியைத் திருப்ப வேண்டும். வண்டி இருட்டாக வேண்டும். அதற்கு மாறாக, சாவி போட்டால் எரிந்து, எடுத்தால் அணைகிறது என்றால் 87-ம் 87-ஏ-யும் இடம் மாறிவிட்டன என்று அர்த்தம். மாற்றிப் போட ஐந்து நிமிடம் போதும்.